வில்லியர் நாட்டில் வில் பழகினேன்

மலேசியாவிலிருந்து வந்த நண்பர் ஒருவரை அழைத்து வர விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். நண்பருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெயர்ப் பலகையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வில்லுபுரமா? அப்படியானால் இந்த ஊரில் நல்ல வில்லாளிகள் இருக்க வேண்டுமே!" என்றார்.

"இது விழுப்புரம். நம்முடைய 'ழு' இங்கிலீஷ் எழுத்தில் அடங்காததால் வந்த வினை" என்று சொல்லிச் சிரித்தேன்.

நண்பர் சிரிக்கவில்லை. ஓய்வு நாட்களில் வில் பழகுவது அவருடைய வழக்கம். கப்பியும் கம்பியும் பூட்டிய இயந்திர வில் அல்ல. நம் முன்னோர் கையில் இருந்தது போன்ற வெறும் மரவில். திண்டிவனம் போகும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இத்தகைய வில்லை ஏந்தி, பரண் ஏறாமல், தரையிலேயே நடந்து வேட்டையாடப் பழகுகிறார்கள். வில்லைக் கொடியில் பொறித்த சேரனைப் பாடிய தமிழ்நாட்டில் ஒருவன் அப்படிப் பழக விரும்பினால், யாரிடம் போய்த் தொடங்குவது?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நான் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விழித்தேன். விடை தேடிப் போனதில் அறிந்தவற்றையே இங்கே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வில்லியர் என்போர்

விடை தொலைவில் இல்லை. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரங்களில் ஏரிக்கரை ஓரங்களிலும் மலையடிவாரங்களிலும் சிறு சிறு குடிசைகளில் வாழும் இருளர் மக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயலில் எலி பிடிப்பவர்கள், பாம்பு பிடிப்பவர்கள், செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலி வேலை செய்பவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். ஆனால் 1909-ஆம் வருஷம் ஏழு பாகங்களாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டன் துரையின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலைப் புரட்டினால், சமவெளி இருளர்களுக்கு இன்னொரு பெயர் இருப்பது தெரியவரும். அது 'வில்லியர்' என்பது. வில்லை உடையவர் என்பது அதன் பொருள். பெயரில் வில் இருக்கிறது. கையில் இப்போது வில் இல்லை.

இந்த நிலத்துக்கும் வேட்டுவருக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்லுவார்கள். அந்த ஊரின் ஒரு பகுதியாகிய கிடங்கில், ஓய்மான் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. பரிசில் பெறப் போகும் பாணன் வழியில் வேலூர் என்னும் ஊரை அடைவான் என்றும், அங்கே எயினர் குலப் பெண்கள் புளியிட்டு ஆக்கிய சோற்றையும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியையும் அவனுக்குப் படைப்பார்கள் என்றும் புலவர் சொல்லுகிறார். அந்த வேலூர் திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள உப்புவேலூர் என்று அறிஞர் கருதுவர். பசித்து வந்தவனுக்குத் தாமாகவே விருந்திட்டவர்கள் வேட்டுவர்கள் என்பதை நாம் மறந்துவிட வேண்டாம்.

செஞ்சிக்கு அருகே செத்தவரையிலும், விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர் போகும் வழியில் கீழ்வாலையிலும், பாறைகளின்மேல் பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. சற்று மேற்கே போனால், செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நின்று ஆநிரை காத்து மடிந்த வீரர்களின் உருவங்கள் அவை. வில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கடைசி மனிதன் கற்றுத் தந்த வித்தை

அமெரிக்காவில் இந்தக் கலை எப்படிப் புத்துயிர் பெற்றது என்பதை என் நண்பர் சொன்னார். அது மனத்தை உருக்கும் சரித்திரம்.

1911 ஆகஸ்டில், கலிபோர்னியா மாகாணத்தில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, பசியால் இளைத்த ஒரு மனிதன் காட்டிலிருந்து தன்னந்தனியாக வெளியே வந்தான். யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சியிருந்தவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் வெள்ளைக் குடியேறிகளின் துப்பாக்கிக்கும் பசிக்கும் நோய்க்கும் இரையாகிவிட்டார்கள். தன் பெயரைச் சொல்வது அவன் குலத்து வழக்கமல்ல. ஆகவே அவன் மொழியில் மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லால் அவனை அழைத்தார்கள். ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில், சர்வகலாசாலைப் பொருட்காட்சிச் சாலையில் அவன் தங்கினான்.

பக்கத்து வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவனுக்கு வைத்தியம் செய்ய வந்தார், நண்பரானார், பிறகு சிஷ்யரானார். இஷி அவருக்கு வில் செய்யவும், அம்பு செய்யவும், மானை நெருங்கவும் கற்றுக் கொடுத்தான். வேட்டைக்கு முந்தின நாள் புகை பிடிக்க மாட்டான். விடியற்காலையில் ஓடையில் குளித்துவிட்டுத்தான் புறப்படுவான். மனித வாடை மானுக்கு எட்டக்கூடாதல்லவா? விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, குட்டி முயலின் கதறலைப் போல ஓசையெழுப்பி முயல்களை அருகே வரவழைப்பான். 1916-இல் க்ஷயரோகத்தால் இஷி இறந்தான். 1923-இல் போப் தாம் கற்றவற்றை ஒரு நூலாக எழுதினார். அந்நாட்டில் இன்று மரவில் ஏந்தி வேட்டை பழகுகிறவர்களில் பலர் அந்த நூலின் வழி வந்தவர்களே.

ஒரு குலம் அழிந்த பிறகு அதன் வித்தையைப் போற்றுவது எளிது. உயிரோடு இருக்கும்போது போற்றுவதல்லவா அறிவுடைமை? இந்த எண்ணம் எழுந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் வகுப்பில் படிக்கும் இருளர் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க தாத்தாவைக் கேளுங்க, சார்" என்றான்.

முதலில் சட்டம்

மேலே சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். நமது தேசத்தில் வேட்டை இன்று குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதில் செய்த திருத்தமும் முயல், உடும்பு, மான் முதலியவற்றின்மேல் அம்பு தொடுப்பதைத் தடுக்கின்றன. மீறினால் சிறையும் அபராதமும் உண்டு. காடுகள் குறைந்து விலங்குகள் அருகிவிட்ட நாளில் இந்தத் தடை நியாயமானதே. ஆகையால் நாங்கள் பழகியது கொல்லாத வேட்டை. அம்பு வைக்கோற் கட்டுக்கு; கண்ணும் காலும் காட்டுக்கு. நேயர்களில் எவரேனும் பழக விரும்பினாலும் இந்த எல்லையைத் தாண்டக்கூடாது.

நடை பழகுதல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நண்பரும் நானும் அந்தப் பெரியவரின் குடிசைக்குப் போனோம். நண்பர் தம் வில்லை உறையிலிருந்து எடுத்தார். பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று தலையசைத்தார். பிறகு திண்ணையில் வைத்துவிட்டார்.

"இது அப்புறம், வாத்தியாரே. முதல்ல செருப்பைக் கழட்டுங்க."

அன்று முழுவதும் வில் திண்ணையில்தான் இருந்தது. காரைச் செடியும் சூரைமுள்ளும் மண்டிய கரம்பு நிலத்தில் எங்களை அவர் நடக்க வைத்தார். பரண்மேல் இருப்பவன் விலங்கு வரும் வரையில் காத்திருக்கலாம். அவன் வாடை தலைக்கு மேலே போய்விடும். தரையில் நடப்பவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவனுடைய முதல் எதிரி காற்று. பெரியவர் பத்தடிக்கு ஒரு தரம் ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விரலிடையே உதிர விட்டார். புழுதி எங்கள் முகத்தை நோக்கி வந்தால் மேலே நடந்தோம்; முன்பக்கம் போனால் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனோம்.

இரண்டாவது, கால். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் ஊன்றி, கீழே சுள்ளி இருக்கிறதா என்று உணர்ந்த பிறகே உடற் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். மூன்றடி நடந்தால் அதைப்போல இருமடங்கு நேரம் நிற்க வேண்டும். நான் அப்படித்தான் நடப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவர் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, உங்க கால் பாடம் நடத்துது. அங்கே முயல் உட்கார்ந்து கேட்குது" என்றார். பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வகுப்பில் நான் அவனைத் திருத்திய கணக்குகளுக்கெல்லாம் அன்று வட்டியோடு பதில் வந்தது!

மூன்றாவது, கண். புதியவன் புதரில் முழு முயலைத் தேடுவான். பழகியவன் ஒரு காதை, ஒரு கண்ணின் பளபளப்பைத் தேடுவான். எதையும் நேரே உறுத்துப் பார்க்காமல் பார்வையை அகல விட்டால், அசைவு தானே வந்து கண்ணில் படும். பையன் ஓரிடத்தில் நின்று விரலை நீட்டினான். எனக்குப் புல் மட்டுமே தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்துப் புல்லின் ஒரு பகுதி எழுந்து ஓடிற்று.

வில்லும் அம்பும்

இரண்டாம் வாரம் வில்லுக்கு அனுமதி கிடைத்தது. பெரியவர் வில்லெடுத்து வேட்டையாடியவர் அல்லர். தம் பாட்டனார் செய்யக் கண்டவர். அவர் சொன்னதையும் நண்பருடைய அனுபவத்தையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

வில் ஏறக்குறைய நம் உயரம் இருக்கலாம். முற்றிய மூங்கிலைப் பிளந்து, இரு கைகளும் சமமாக வளையும்படி சீவிச் சீவிப் பார்க்க வேண்டும். புதியவனுக்கு 25 முதல் 30 ராத்தல் இழுப்புப் போதும். அமெரிக்காவில் சில மாகாணங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தது 40 ராத்தல் வேண்டும் என்று சட்டமிருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே பலமான வில்லை எடுப்பவன் தோள் நோவையும் கெட்ட பழக்கத்தையுமே சம்பாதிப்பான். நாணுக்கு நம் பக்கத்து மருள் செடியின் நாரைத் திரிக்கலாம். இங்கிலீஷ்காரர் அந்தச் செடிக்கு இட்ட பெயரே 'வில்நாண் சணல்' என்று பொருள்படும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை முறித்துவிடும்.

வில்லைவிட அம்பு முக்கியம். வில் சுமாராக இருந்தாலும் அம்புகள் ஒரே நீளமும் ஒரே எடையுமாக நேராக இருந்தால் குறி தப்பாது. கோணல் அம்பைத் தணலில் வாட்டி நிமிர்த்தலாம். குதைக்குச் சற்று முன்னால் கோழி இறகு மூன்றைச் சமதூரத்தில் கட்டினால், பின்புறம் ஆடாமல் அம்பு நேரே செல்லும்.

பத்தடித் தூரத்தில் வைக்கோற் கட்டை மண்கரையில் சாய்த்து வைத்துத் தொடங்குங்கள். பின்னால் ஆளோ மாடோ வராத இடமாக இருக்க வேண்டும்; வானத்தை நோக்கி ஒருபோதும் எய்யக்கூடாது. நாணை இழுத்த கை ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அம்பைப் பாராமல் குறியையே பார்த்து, விரல்களைத் தளர்த்தினால் போதும். நாண் தானே நழுவிக்கொள்ளும். எய்த அம்புகளெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழத் தொடங்கிய பிறகே ஓரடி பின்வாங்கலாம்.

மரவில்லாளி 15 அல்லது 20 கஜத்துக்குமேல் விலங்கின்மீது எய்யமாட்டான் என்றார் நண்பர். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்லும். அம்பு உதிரப் பெருக்கால் கொல்லும். தவறான இடத்தில் பட்டால் விலங்கு பல நாள் துடித்துச் சாகும். ஆகவே எய்யாமல் திரும்பி வருவதே இந்தக் கலையின் பெரும் பகுதி. இதைக் கேட்ட பெரியவர், "எங்க பாட்டனும் அதைத்தான் சொல்வாரு" என்றார்.

கட்டைவிரல்

இஷி நாணை இழுத்தது மற்ற விரல்களால் அல்ல, கட்டைவிரலை மடக்கி என்று போப் எழுதியிருக்கிறார். ஆசியாவின் பல நாடுகளிலும் அதுவே பழைய முறை. இதைக் கேட்டபோது எனக்கு ஏகலைவன் நினைவு வந்தது. அவன் வேடர் குலத்துச் சிறுவன். ஆசிரியர் சேர்த்துக்கொள்ள மறுத்தும் தானே பயின்று சிறந்தான்; அதற்காகவே அவனுடைய வலக் கட்டைவிரல் காணிக்கையாகக் கேட்கப்பட்டது. அதன் பிறகும் அவன் எய்தான். ஆனால் பழைய வேகம் போய்விட்டது. உபாத்தியாயர் தொழிலில் இருப்பவன் இந்தக் கதையை வெட்கமில்லாமல் சொல்ல முடியாது.

ஏனெனில் அது பழங்கதை மட்டுமன்று. வில் பயிற்சி முடிந்த ஒரு மாலையில் பையனின் தாயார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். பையன் மேற்கொண்டு படிப்பதற்கும் உதவிச் சம்பளம் பெறுவதற்கும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக அவள் எத்தனையோ நாள் கூலியை இழந்து ஓர் அலுவலகத்து வாசலில் காத்திருந்தாள். 'ஆதாரம் கொண்டு வா' என்பதே பதில். என்ன ஆதாரத்தை அவள் கொண்டு போவாள்? பாட்டனுக்கு நிலமில்லை, பத்திரமில்லை. வேட்டைத் தொழில் சட்டத்தால் நின்றது. குலத்தின் பெயரில் இருக்கும் வில்லும் கையை விட்டுப் போயிற்று. ஓடும் முயலின் தடத்தைப் பார்த்து அது எத்தனை நாழிகைக்கு முன் போயிற்று என்று சொல்லக்கூடிய பையன், தான் யார் என்பதை ஒரு காகிதத்தால் நிரூபிக்க முடியாமல் நிற்கிறான். வில் பிடித்த குலத்தின் கட்டைவிரலை நாம் இப்படியும் கேட்கிறோம்.

போற்றினால் பலன் உண்டு

போற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வயநாட்டுக் குறிச்சியர் வில்லும் அம்பும் கொண்டு பழசி ராஜாவுக்காகப் போராடியவர்கள். 1802-இல் தலைக்கல் சந்துவின் தலைமையில் பனமரம் கோட்டையைக் கும்பினிப் பட்டாளத்திடமிருந்து கைப்பற்றினார்கள். ராஜஸ்தானத்துக் காட்டில் மூங்கில் வில்லால் பறவை அடித்துத் திரிந்த லிம்பா ராம் என்ற பழங்குடிச் சிறுவன், தக்க பயிற்சி பெற்று மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் நமது தேசத்துக்காக வில்லெடுத்தான். 1992-இல் பெய்ஜிங் நகரத்தில் உலக சாதனையைச் சமன் செய்தான்.

நம் இருளர்களோ? செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் அவர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக் கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்து அந்த நஞ்சிலிருந்து செய்யப்படுவது. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தார், தங்கள் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க வழியறியாமல், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை வரவழைத்தார்கள். முதல் இரண்டு வாரம் முடிவதற்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். கையில் வில் இல்லை, துப்பாக்கி இல்லை. இருந்தது தடம் பார்க்கும் கண் ஒன்றே. 2023-இல் நமது சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

நண்பர் ஊர் திரும்பும்போது தம் வில்லைப் பையனிடமே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், மண்கரைக்கு எதிரே, இப்போது சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லா வகுப்பாருடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். எய்யக் கற்றுக் கொடுப்பவன் அந்தப் பையன். நடக்கக் கற்றுக் கொடுப்பவர் அவன் தாத்தா. எண்ணிக்கை எழுதுவதும் அம்பு பொறுக்குவதும் என் வேலை.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தை இந்தத் தடவை நானே எழுதினேன்; அடுத்த திங்கட்கிழமை ஒரு நாள் விடுமுறை போட்டுவிட்டு, அந்தத் தாயாரோடு அலுவலகத்துக்குப் போகப் போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி வாசலில் காத்திருக்கும் தாய் ஒருத்தி இருப்பாள். படித்த குடும்பத்தார் ஒருவர் கூடப் போய் நின்றால், அவளுக்குப் பேசத் தைரியம் வரும். உள்ளே இருப்பவருக்கும் கேட்கக் காது வரும்.